மாலைதீவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: ஒரு தீவு போதும்



வருகிற ஏப்ரல் விடுமுறைக்கு மாலைதீவு போவதைப் பற்றி நமது ஊரில் குறைந்தது ஆறு குடும்பங்களாவது பேசிக்கொண்டிருக்கின்றன. ஆறு குடும்பமும் எங்களிடம்தான் கேட்டிருக்கின்றன. "டீச்சர், நீங்க போய் வந்தாக்கள்தானே, எந்தத் தீவு நல்லம்?" ஆசிரியர் அறையில் கேட்டார்கள், கலியாண வீட்டில் கேட்டார்கள். மகனின் கணிதப் புள்ளியைப் பற்றிப் பேச வந்த ஒரு தாய், புள்ளியை விட்டுவிட்டு இதைத்தான் அரை மணித்தியாலம் கேட்டார். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியாது என்பதால் ஒரே தடவையாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். காசு கட்ட முதல் வாசியுங்கள்.

எல்லோர் கையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே திட்டம்தான். நான்கு இரவு, மூன்று தீவு. வட்ஸ்அப்பில் வருகிற படத்தில் மூன்று தீவும் வரிசையாக இருக்கும். முதலாவதில் கட்டடங்கள், இரண்டாவதில் கடற்கரை, மூன்றாவதில் திமிங்கிலச் சுறா. விலை ஒன்றுதான், பார்ப்பது மூன்று, ஆகவே லாபம் என்று நம் மனம் கணக்குப் போடும். எங்கள் மனமும் அப்படித்தான் போட்டது. அந்தக் கணக்கு பிழை என்பதுதான் எங்கள் கருத்து. நான்கு இரவுக்கு ஒரு தீவுதான் சரி. அதுவும் மாலேக்குக் கிட்டிய, மக்கள் குடியிருக்கிற தீவு.

எங்கள் பயணத்தைச் சொன்னால் விளங்கும். நாங்கள் ஐந்து பேர்: நாங்கள் இருவர், பத்தாம் ஆண்டு படிக்கும் மகள், ஐந்தாம் ஆண்டு மகன், உம்மா. ஒரு சீட்டுக் காசு முழுவதும், இன்னொன்றில் பாதியும் போனது. இரவு பஸ்ஸில் ஏறிக் காலையில் கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம். விமானம் ஒன்றரை மணித்தியாலம்தான். நம்மிலும் அரை மணித்தியாலம் பின்தங்கிய நேரம் என்பதால் அந்த அரை மணித்தியாலம் சும்மா கிடைத்தது போல இருந்தது. குடிவரவில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை, 30 நாள் அனுமதியை அங்கேயே இலவசமாகக் குத்திக் கொடுக்கிறார்கள். இதுவரை எல்லாம் சுகம்.

முதல் இரவு ஹுல்ஹுமாலே. அது விமான நிலையத்துடன் வீதியால் இணைந்த தீவு, கடலை மண்ணால் நிரப்பி உண்டாக்கியது. அகலமான வீதி, மாடிக் குடியிருப்பு, கடை. இரவில் போய் நித்திரை கொண்டு காலையில் எழும்பிவிட்டோம். இரண்டாம் நாள் மாஃபுஷி. அதிவேகப் படகு அரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்காக முன்னும் பின்னும் எவ்வளவு போனது என்று பாருங்கள். காலையில் அறையைக் காலி செய்யவேண்டும், பெட்டிகளைக் கட்டவேண்டும், துறைக்கு முன்கூட்டியே போய் இருக்கவேண்டும், படகு வரவேண்டும், போய் இறங்கினால் புதிய அறை பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். உம்மாவை ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் பெட்டிகளுக்குக் காவல் இருந்தோம். கடலில் இறங்கும்போது அஸர் ஆகிவிட்டது.

மூன்றாம் நாள்தான் முழு நாளும் போனது. மாஃபுஷியிலிருந்து மூன்றாவது தீவான திகுராவுக்கு நேரான படகு எங்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்ப மாலேக்கு வந்து, அங்கே பல மணித்தியாலம் காத்திருந்து, பிறகு இரண்டு மணித்தியாலம் கடலில். திகுரா தென் அரி அடொலில் இருக்கிறது. இரண்டு அடொலுக்கு இடையில் ஆழ்கடல் வருகிறது. அங்கே படகு ஓடவில்லை, குதித்தது. உம்மா முதல் இருபது நிமிடத்திலேயே சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டா. மகனும் தொடர்ந்தான். பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பெண் தன்னுடைய இஞ்சி இனிப்பை உம்மாவின் கையில் வைத்துப் பொத்தினார். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர் இறங்கினோம். உம்மா மண்ணில் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "எப்ப மகள் வீட்ட போற?"

நான்காம் நாள் திமிங்கிலச் சுறா பார்க்கப் போனோம். உம்மா வரவில்லை. தென் அரியில் அது வருடம் முழுவதும் நடமாடுகிறது என்பது உண்மை. ஆனால் நாங்கள் போன நாளில் எங்கள் கண்ணில் படவில்லை. அதில் எங்களுக்குக் குறை இல்லை, அல்லாஹ்வின் கடலில் அவனுடைய படைப்பு, நாங்கள் காசு கட்டினோம் என்பதற்காக வந்து நிற்காது. கடலாமை ஒன்றைப் பார்த்தோம். மகனுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று அஸருக்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

நமது கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உம்மா கடலில் கால் வைத்ததில்லை. அன்று உம்மாவின் தங்கச்சி போனா. அதன் பிறகு கடற்கரை வீதியால் போகும்போதுகூட மற்றப் பக்கம்தான் பார்ப்பா. மாலைதீவு என்றபோது வரமாட்டேன் என்று நின்றா. பேரப்பிள்ளைகள்தான் கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அந்த நாட்டில் ஓடி ஏற ஒரு மேடுகூட இல்லை, முழு நாட்டிலும் மிக உயர்ந்த இயற்கை நிலமே இரண்டரை மீற்றருக்கும் குறைவு என்பதை நாங்கள் அவவுக்குச் சொல்லவேயில்லை.

திகுராவில் எங்கள் தங்குமிடக்காரரின் தாயார் பின்னேரம் கரையில் இருக்கும் கயிற்று வலைக் கதிரையில் வந்து இருப்பார். ஜோலி என்று சொல்கிறார்கள், அந்த நாட்டில் எந்தத் தீவுக்குப் போனாலும் மர நிழலில் இது இருக்கும். அவர் கணவரின் சிகிச்சைக்காகக் கொழும்பில் மாதக்கணக்கில் இருந்தவர், சிங்களம் கொஞ்சம் தெரியும். எங்கள் மகள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படிக்கும் சிங்களத்தை வைத்து இடையில் மொழிபெயர்த்தாள். இரண்டு உம்மாமாரும் சுனாமியைப் பற்றிப் பேசினார்கள். அந்த நாட்டிலும் எண்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆனால் அடொல்களைச் சுற்றிக் கடல் மிக ஆழம் என்பதால் நம் கரையில் போல அலை சுவராக எழும்பவில்லை, தண்ணீர் ஊருக்குள் ஏறி வந்து ஓடியது. அவர் சொன்னது அதுதான். சொல்லிவிட்டு எழும்பி உம்மாவின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் நடந்தார்கள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். களப்புத் தண்ணீர் அங்கே பாலைப்போல் அசையாமல் கிடக்கும். உம்மா குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டா. நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. மஃரிப் பாங்கு சொல்லும் வரை நாற்பது நிமிடம் போல நின்றா.

அன்றிரவு கேட்டா, "நாளைக்கும் பின்னேரம் வரலாமா?"

நாளைக்குப் பின்னேரம் இல்லை. விடிய முதல் படகு. திட்டம் அத்தோடு முடிந்தது. நான்கு இரவுப் பயணத்தில் உம்மாவுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். மூன்று தீவு பார்க்கவேண்டும் என்று நாங்கள் ஓடியதில் மற்றப் பின்னேரங்கள் படகுத்துறையில் போய்விட்டன. எங்களுக்குத் திட்டம் விற்றவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, பெயரைக் கேட்டு எழுதாதீர்கள். அவர்கள் விற்றார்கள், நாங்கள்தான் வாங்கினோம்.

ஆகவே நாங்கள் சொல்கிற முதல் விடயம்: தீவைப் படத்தை வைத்துத் தெரிவு செய்யவேண்டாம், கடலில் போகும் நேரத்தை வைத்துத் தெரிவு செய்யுங்கள். மாலைதீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. மணலும் தண்ணீரின் நிறமும் அவற்றில் பெரிதாக மாறப்போவதில்லை. முதல் தடவை போகிற நமது கண்ணுக்கு அரை மணித்தியாலத் தூரத்தில் உள்ள நீலமும் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் உள்ள நீலமும் ஒன்றுதான். ஆனால் செலவு ஒன்றல்ல. மாலேக்குக் கிட்டிய தீவுக்குப் படகு ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு இருபது டொலர் அளவில் என்றால் தென் அரிக்கு ஐம்பது டொலர் அளவில். ஐந்து பேர், போக வர என்று பெருக்கிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தில் இன்னும் ஓர் இரவு தங்கலாம்.

அடுத்தது ரிசோர்ட்டா, ஊர்த்தீவா என்ற கேள்வி. கலியாணம் முடித்த பிள்ளைகள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய அறையில் படம் எடுக்காவிட்டால் மாலைதீவு போனதாகக் கணக்கில்லை என்று ஒரு எண்ணம் உண்டு. அங்கே முதல் ரிசோர்ட் 1972இல் வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டார் தங்குவதென்றால் ரிசோர்ட் தீவுதான். 2009க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் சிறிய தங்குமிடங்களுக்கு அனுமதி வந்தது. ரிசோர்ட் என்பது ஒரு தீவு முழுவதும் ஒரு ஹோட்டல். அங்கே ஊரும் இல்லை, ஊர்ப் பள்ளிவாசலும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. மது உண்டு, பன்றி இறைச்சியும் பரிமாற அனுமதி உண்டு, ஆகவே சாப்பாட்டுக்குக் கேட்டு விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான். தூர ரிசோர்ட்டுக்குக் கடல் விமானத்தில் போகவேண்டும். அது பகலில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் பின்னேரம் பிந்தி இறங்கினால் முதல் இரவு மாலேயில்தான், ரிசோர்ட் காசில் ஒரு இரவு குறையும். இதை விற்பவர்கள் முதலிலேயே சொல்வது குறைவு.

ஊர்த்தீவு என்றால் வசதி இல்லாதவர் போகும் இடம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு ரிசோர்ட்டை விட ஊர்த்தீவுதான் விசாலம். ஊர்த்தீவுகளில் வெளிநாட்டவர் நீச்சலுடையில் இருப்பதற்கென்று ஒரு பகுதியைத் தடுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றக் கரை எல்லாம் ஊராருக்கு. அந்தக் கரையில் ஊர்ப் பெண்கள் முழு உடுப்போடும் முக்காட்டோடும்தான் குளிக்கிறார்கள். நாங்களும் மகளும் நீளமான சல்வாரோடு இறங்கினோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் நாட்டில் ஹோட்டல் நீச்சல் தடாகங்களில் உடுப்பைக் காட்டி இறங்க வேண்டாம் என்று சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். முப்பத்தெட்டு வயதில், கூச்சமில்லாமல், கூட்டமாகப் பார்ப்பவர் இல்லாமல் கடலில் மிதந்தது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. ஆண்களே, தீவைத் தெரிவு செய்யும்போது இதை உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உடுப்புப் பேச்சு வந்ததால் ஒரு சின்னக் கதை. இப்னு பதூதா 1343இல் மாலைதீவுக்குப் போய் அங்கே காதியாக இருந்தார். பெண்களின் உடையை மாற்ற உத்தரவு போட்டும் அது நடக்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து அடுத்த வருடம் நமது நாட்டுக்கு வந்து புத்தளத்தில் இறங்கி ஆதம் மலைக்கு ஏறினார். அவருக்கும் பயணத் திட்டத்தில் இழுபறிதான், ஆனால் அவருக்குப் பாடசாலை தொடங்கும் திகதி இருக்கவில்லை.

சரி, எந்தத் தீவு?

மாஃபுஷி எல்லோரும் சொல்வது. தங்குமிடம் அதிகம், போட்டி அதிகம், அதனால் விலை குறைவு. படகும் நிறைய. பவளப்பாறை பார்க்க, மணல் திட்டுக்குப் போக, டொல்பின் பார்க்க எல்லாம் அங்கிருந்தே நாள் பயணமாகப் போய் வரலாம். ஆனால் சந்தடியும் அதிகம். கரைக்கு வெளியே நங்கூரமிட்ட படகில் மது விற்பனையும் நடக்கிறது. இளைஞர் குழுவாகப் போகிறவர்கள் மாஃபுஷிக்குப் போகட்டும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.

அதற்குப் பக்கத்திலேயே குல்ஹி என்று ஒன்று இருக்கிறது. மிகச் சிறியது, ஆறுதலாக நடந்தாலும் சற்று நேரத்தில் சுற்றி முடிந்துவிடும். கடற்கரை நல்லது, அமைதி. உம்மா வாப்பாவோடு போகிறவர்களுக்கு இது பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். நாள் பயணம் வேண்டுமென்றால் மாஃபுஷி கூப்பிடு தூரம்.

துலுஸ்தூ மாலேக்கு வடக்கே, அரை மணித்தியாலம். ஊர் ஊராகவே இருக்கிறது. கடல் நீரைச் சுத்திகரித்துக் கொக்கக்கோலா செய்யும் ஆலை அங்கேதான், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நல்ல பாடம். அலைச்சறுக்குக்காரர்கள் தென்மேல் காற்றுக் காலத்தில் குவிவார்கள். அறுகம்பை தெரிந்த நமக்கு அது புதிதல்ல.

திகுரா அழகில் எல்லாவற்றையும் விட மேல். அதை ஒளிக்க மாட்டோம். ஒடுங்கி, மூன்று கிலோமீற்றர் அளவில் நீண்டு, முனையில் மணல் வாலாகப் போகும் தீவு. திகு என்றால் திவேஹி மொழியில் நீளம், சிங்களத்தில் 'திக' என்பதும் அதுவே என்று மகள்தான் கண்டுபிடித்தாள். ஆனால் போகிறதென்றால் நேராக அங்கேயே போய் நான்கு இரவும் அங்கேயே இருங்கள். இடையில் ஒன்றும் சேர்க்காதீர்கள். படகில் தலை சுற்றுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் இரண்டாம் பயணத்துக்கு வையுங்கள். தெற்கே அத்து, ஃபுவஹ்முலா எல்லாம் உள்நாட்டு விமானத்தில் போகும் இடங்கள், முதல் தடவைக்கு அவற்றைப் பேசவே வேண்டாம்.

மாலேயைத் தனி இரவாக எடுக்கத் தேவையில்லை. கடைசி நாள் தீவிலிருந்து காலையிலேயே வந்து அரை நாள் பாருங்கள், போதும். ஆனால் அந்த அரை நாளைத் தவறவிடவேண்டாம். ஹுகுரு மிஸ்கி என்ற பழைய ஜும்ஆப் பள்ளி 1658இல் கட்டியது. சுவர் முழுவதும் முருகைக்கல். நம் ஊரில் ஒரு காலத்தில் சுண்ணாம்பு சுடத் தோண்டி எடுத்த அதே கல்லை, அங்கே பலகையைப் போல இழைத்து, பூவேலை செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். பழைய அத்திவாரத்தின் மேல் எழுப்பியதால் கட்டடம் சரியாகக் கிப்லாவைப் பார்க்கவில்லை, அதனால் உள்ளே ஸஃப் குறுக்காகச் சாய்ந்து போகும் என்று சொல்கிறார்கள். அந்த மக்கள் இஸ்லாத்துக்கு வந்தது 1153இல். 1984இல் திறந்த பெரிய பள்ளி, பொன்னிறக் குவிமாடத்தோடு, நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நாங்கள் லுஹரையும் அஸரையும் அங்கே சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மீன் சந்தையும் கிட்டத்தான். முழுச் சூரை மீனைச் சில வெட்டில் துண்டு போடும் வேகத்தைப் பார்த்து மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. நம் சம்பலுக்குப் போடும் மாசி பிறந்த வீடு அது. நல்ல மாசி அங்கே வாங்கலாம், ஆனால் நன்றாகப் பொதி செய்து வாருங்கள். எங்கள் பெட்டி இன்னும் மணக்கிறது.

காலம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் விடுமுறை தவிர வேறு வழியில்லை. நமது பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நோன்பில் வருகிறது. நோன்பில் அங்கே போகவேண்டாம். ஊர்த்தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், படகு நேரமும் மாறும், நோன்பு வைத்துக்கொண்டு கடலில் அலைவதில் அர்த்தமும் இல்லை. ஆகஸ்ட் தென்மேல் பருவக்காற்றுக் காலம். மழை வரலாம், வராமலும் போகலாம், ஆனால் கடல் குமுறும். டிசம்பர் கடைசியில் வானம் நன்றாக இருந்தாலும் வெள்ளைக்காரர் விடுமுறை, விலை ஏறி நிற்கும். ஏப்ரல் வெயில் கடுமைதான், ஆனால் கடல் அமைதி. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் சரி. வெள்ளிக்கிழமையை மட்டும் கவனியுங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். மலிவான பொதுப் படகு வெள்ளியில் ஓடாது. வெள்ளியில் போய் இறங்கும்படியோ திரும்பும்படியோ விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

காசு விடயத்தில் இரண்டு மூன்று பொறி. பசுமை வரி என்று ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து ஊர்த்தீவில் 50 அறைக்கு மேற்படாத தங்குமிடத்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 6 டொலர், ரிசோர்ட்டிலும் பெரிய ஹோட்டலிலும் 12 டொலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இல்லை. ஐந்து பேர், நான்கு இரவு என்றால் சிறிய தங்குமிடத்திலேயே 120 டொலர். அதற்கு மேல் சுற்றுலாத்துறைக்கான வரி 17 வீதம், பல இடங்களில் சேவைக் கட்டணம் 10 வீதம். உங்களுக்குச் சொன்ன விலையில் இவை எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அடங்கவில்லை. கடைசிக் காலை கணக்குச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 'இமுகா' என்ற பயணப் படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம், உங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளை கால் மணித்தியாலத்தில் நிரப்பித் தரும். அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதை எழுதினால் இரண்டு கேள்வி வரும் என்று தெரியும். முதலாவது, "இந்தக் காசுக்கு உம்ராவுக்குப் போகலாமே." உண்மை. ஹஜ் கடமையானவர் அதை வைத்துக்கொண்டு மாலைதீவுக்குப் போகச் சொல்ல நாங்கள் யார்? நகையை அடகு வைத்தும் வட்டிக்கு எடுத்தும் போகவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் சேர்த்து வைத்த ஹலாலான காசில் ஒரு தாய் தன் பிள்ளைகளோடு நான்கு நாள் இருப்பதை வீண் என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

இரண்டாவது, "நம்ம பாசிக்குடாவில இல்லாத கடலா?" இதற்கு எங்களிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. வெறுமனே ஆழமில்லாத கடலில் குளிக்கத்தான் என்றால் பாசிக்குடா போதும். காலையில் போய் இரவு வீட்டுச் சோறு சாப்பிடலாம். ஆனால் பாசிக்குடாவுக்குப் பத்துத் தடவை கூப்பிட்டும் உம்மா இறங்கவில்லை. அது அவவின் கடல், அவவின் தங்கச்சியை எடுத்த கடல். வேறொரு நாட்டில், வேறொரு வயதான பெண் கையைப் பிடித்தபோதுதான் இறங்கினா. இதற்கு மேல் எங்களுக்கு விளக்கத் தெரியவில்லை.

எங்கள் பாடசாலையில் ஒரு ஆசிரியை குடும்பம் மூன்று தீவுத் திட்டத்தை விட்டுவிட்டுக் குல்ஹியில் நான்கு இரவு எடுத்திருக்கிறார்கள். மாமியாரைக் கூட்டிப் போகிறார்கள். போய் வந்து அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் எழுதுவோம், எங்கள் கருத்துக்கு மாறாக இருந்தாலும்.

நாங்கள் இப்போது திரும்பவும் ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறோம். கிட்டிய தீவுக்குப் போகலாம், படகு அரை மணித்தியாலம்தான் என்று உம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தோம். கேட்கமாட்டேன் என்கிறா. திகுராதான் வேண்டுமாம். அந்த மனுசிக்கு நம்ம ஊர்ப் பாய் ஒன்று கொண்டுபோகவேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறா. சத்தி வந்தால் பரவாயில்லையாம், இஞ்சி இனிப்பு வாங்கி வைக்கட்டாம்.